ஒரு புள்ளி குறைகிறது

ஈஸ்டருக்கு இரண்டு நாள் முந்திக்
கல் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.
பொறையாறு கல்லறைத்தோட்டச் சுவரோரம்
ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன்.
கருங்கல்தான், சொன்ன அளவுதான்.
பியூலா கனகமணி. ஆசிரியை.
பிறப்பு, இறப்பு இரண்டும் சரி.
அதற்குக் கீழே,
கர்த்தருககுள் நித்திரையடைந்தார்.

இன்னொரு முறை படித்தேன்.
புள்ளி இல்லை.

அம்மா, உன் தலைமாட்டிலேயே!

ஐயர் அனுப்பும் சுற்றறிக்கையைச்
சிவப்பு மையில் திருத்தி
மடித்துக் காணிக்கைப் பையில் போட்டவள் நீ.
'ஜெபக்கூட்டத்திற்க்கு' என்று ஒட்டியிருந்தால்
அந்தக் கூடுதல் 'க்'கை அடித்த பிறகுதான்
வாசலில் செருப்பைக் கழற்றுவாய்.

சாப்பாட்டு ஜெபம் நீளும்.
கெண்டைக்குழம்பு ஆறிப்போகும்.
அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக,
ஆஸ்பத்திரியில் உள்ளவர்களுக்காக,
கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்காக,
பிறகு பேர்பேராக உன் வகுப்பு.
ஆண்டவரே, தில்லைநாதனுக்கு
ரகர றகர வித்தியாசம் விளங்கப்பண்ணும்.
ஆண்டவரே, நூர்ஜஹானுக்கு ஏழாம் வாய்ப்பாடு.
கடைசியில் என் பேர்.
அங்கே மட்டும் கொஞ்சம் நிறுத்துவாய்,
எதைக் கேட்பது என்று தெரியாததுபோல.

வகுப்பில் ஒருநாள்
வாய்தவறி அம்மா என்று கூப்பிட்டுவிட்டேன்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நீயும் சிரித்திருக்கலாம்.
"இங்கே டீச்சர்" என்றாய்.
அதை இன்னும் மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கல் வெட்டியவர் வேப்பமரத்தடியில்
கண்ணாடி டம்ளரில் டீயோடு உட்கார்ந்திருந்தார்.
காத்தமுத்து.
"டீச்சர்கிட்ட நாலு வருசம் படிச்சேங்க.
அஞ்சாவதுல மேட்டூர் தொறந்து
வீரசோழன்ல தண்ணி வந்துச்சு,
நாத்துப் பறிக்கப் போயிட்டேன்.
வரப்புல வந்து நின்னாங்க,
கையில ரிஜிஸ்டரு.
பேரைக் கூப்புட்டாங்க.
சேத்துல நின்னபடியே உள்ளேன் டீச்சர்னேன்.
டிக் போட்டுக்கிட்டுத் திரும்பிப் போனாங்க.
ஆறு நாள் வந்தாங்க.
ஏழாவது நாள் வல்ல."

அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது.
பொய் எழுதிவிட்டேன் என்று
முழங்காலில் நின்று அழுதாய்.
யாருக்காக என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை,
கொசுவலைக்குள் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

கூலியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.
"எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க,
டீச்சர் கல்லு, தப்பு வரக்கூடாது.
அவங்க புள்ளைக்குத் தெரியாததா."

சொல்ல வாயெடுத்தேன்.
ஒரே ஒரு புள்ளி.
உளியை வைத்து ஒரு தட்டு, அவ்வளவுதான்.

நாலாம் வகுப்பு, மத்தியான வெயில்,
பக்கத்து வயலில் டிராக்டர் இரைச்சல்.
அதற்கு மேலாகக் குரலை உயர்த்தி
கரும்பலகையில் க் எழுதிக் காட்டினாய்.
தலையில் புள்ளி இருக்கிறவரை
இது வெறும் மெய்.
பிறகு சேலைத்தலைப்பு நுனியால்
புள்ளியை மட்டும் துடைத்தாய்.
இப்போ சொல்லுங்க,
மெய்க்குள்ளே என்ன வந்துச்சு?
உயிர் டீச்சர், என்று கத்தினோம்.
அன்றைக்கு அது
எழுத்தைப் பற்றிய பாடம் மட்டும்தான்.

"சரியா இருக்குங்க" என்றேன்.
அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
உளிகளைச் சாக்கில் சுற்றினார்.

நாளை மறுநாள் விடியுமுன்
மெழுகுவர்த்திகளோடு சபை இங்கே வரும்.
ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தேவாசீர்வாதம்
கட்டாயம் குனிந்து படிப்பார்,
நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்.
பார்க்கட்டும்.

கைப்பைக்குள் சிவப்புப் பேனா இருந்தது, அம்மா.
எடுக்கவில்லை.
இரண்டு வார்த்தைப் பொய்தான்,
ராத்திரி ஜெபத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன்.
பல வருஷமாயிற்று.
எப்படித் தொடங்குவாய் நீ?